வேலையை விடுவது இருக்கட்டும், முதலில் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கோத்தகிரி வட்டத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி அதன் சுருக்கத்தைத் தருகிறேன்.

வயது 33. பி.காம். படித்தவர். தனியார் தேயிலை ஃபேக்டரி ஒன்றில் 4 ஆண்டு 10 மாதமாக இலைக் கணக்கு எழுதுகிறார். சம்பளம் 16,500 ரூபாய். கணவர் பிக்கப் வண்டி ஓட்டுகிறார், இரண்டு பிள்ளைகள் பள்ளியில். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையை நிறுத்து, சீட்டு எழுதிக் கொடுப்பதுதான் இவர் வேலை. ஃபேக்டரிக்கு நாளொன்றுக்கு 9 டன் அளவுக்கு இலை வருகிறது. மெஷினில் காட்டும் எடையில் 8 சதவீதம் கழித்துத்தான் சீட்டில் எழுத வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. மழை நாளானாலும் வெயில் நாளானாலும் அதே 8. கேட்டால் ‘ஈரக் கழிவு’ என்று சொல்லிவிட வேண்டும். உண்மையான எடைக்கு ஒரு நோட்டு, சீட்டு எடைக்கு ஒரு நோட்டு.

போன மாதம் அரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு வயதான அம்மா சீட்டை நீட்டி, “அம்மணி, வீட்ல நிறுத்தப்ப 41 இருந்துச்சு, நீ 37ன்னு போட்டிருக்கியே, நல்லாப் பாரு கண்ணு” என்று கேட்டிருக்கிறார். ஒரு வாரமாக மழையே இல்லை. “ஈரம் பாட்டி” என்று சொல்லி அனுப்பிவிட்டு அன்று இரவு தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறார்.

அதோடு முடியவில்லை. சில மாதங்களாக ராத்திரியில் பில் இல்லாமல் லாரியில் தேயிலைக் கழிவு மூட்டைகள் வருகின்றன. அவை டஸ்ட் ரகத்தில் கலக்கப்படுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். இந்த நிலையில் முதலாளி கூப்பிட்டு, “இனி நீதான் மேனேஜர், சம்பளம் 20,000” என்று சொல்லி, உணவுப் பாதுகாப்பு உரிமம் தொடர்பான ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார்.

இடையில் ஒரு முடிச்சும் இருக்கிறது. அம்மாவின் ஆபரேஷனுக்கு முதலாளி 60,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தார். தொகை எழுதாத, கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். மாதம் 2,000 வீதம் 24,000 சம்பளத்தில் பிடித்தாகிவிட்டது, மீதி 36,000. அந்த நேரத்தில் வேறு யாரும் உதவவில்லை, அவரைக் காட்டிக்கொடுத்தால் நான் நன்றிகெட்டவள் ஆகமாட்டேனா என்பது இவர் மனசை அரிக்கும் கேள்வி. கணவர், “எழுதச் சொன்னது அவர், பாவம் அவருக்குத்தான். ஊரில் எல்லா ஃபேக்டரியிலும் இதுதான் நடக்கிறது” என்கிறார். உடன் வேலை செய்பவர், “இன்னும் ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சுக்கோ, அஞ்சு வருஷம் ஆனா கிராஜுவிட்டி வரும்” என்கிறார். இவருக்கோ, நாளைக்கே நோட்டைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போய்விடலாமா என்றும் தோன்றுகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

வேலையை விடுவதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டும் என்பதுதான் என் கருத்து, அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது இந்த வாரமா, ஒன்றரை மாதம் கழித்தா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த வாரமே முடிவாக வேண்டியது வேறு. அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, பொய் எடையை உங்கள் கையால் எழுதுவது நிற்க வேண்டும். இந்த இரண்டும் நடந்துவிட்டால், வேலையை விடுவதைப் பதறாமல் ஒழுங்காகச் செய்யலாம்.

அந்தப் படிவம் என்ன?

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், அது பொறுப்பாளர் நியமனப் படிவமாகத்தான் இருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ், ஒரு நிறுவனம் தன் சார்பில் உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்கலாம். கூட்டு வியாபாரமும் இந்தப் பிரிவில் நிறுவனம்தான். அங்கே தயாராகும் உணவுப் பொருளில் குற்றம் கண்டுபிடிக்கப்பட்டால் முதல் நோட்டீஸ் யாருக்கு வரும்? அந்தப் பொறுப்பாளருக்கு. இலைக் கணக்கு எழுதுகிறவரைத் திடீரென்று மேனேஜர் ஆக்கியதற்கும், ராத்திரி லாரி வர ஆரம்பித்ததற்கும் தொடர்பு இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை. மாதம் 3,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து உங்கள் பெயரைத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொள்ளப் பார்க்கிறார்.

மறுப்பதற்குச் சண்டை தேவையில்லை. “உற்பத்தியில் எனக்கு அனுபவமோ அதிகாரமோ இல்லை, அதனால் இந்தப் பொறுப்பை ஏற்க இயலாது” என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும், தேதியோடு பதிவாகிவிடும். வாய்ச்சொல்லாக மறுத்தால் பின்னால் அதற்குச் சாட்சி கிடையாது. இன்னொன்று, உங்கள் ஆதார், பான் நகல்கள் அலுவலகத்தில் இருக்கும். உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பெயரைப் போட்டுவிட்டார்களா என்ற சந்தேகம் வந்தால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

“எழுதச் சொன்னது அவர்தானே?”

உங்கள் கணவர் ஆறுதலுக்காகச் சொல்கிறார், அது புரிகிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 344ஆம் பிரிவு, மோசடி நோக்கத்தோடு கணக்கைப் பொய்யாக எழுதும் எழுத்தர், அலுவலர், வேலையாள் ஆகியோரைப் பற்றியே பேசுகிறது. ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 2024 ஜூலை 1க்கு முன்னால் எழுதியவற்றுக்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதே போல இருந்த 477-ஏ பொருந்தும். முதலாளி சொன்னார் என்பது தண்டனையைக் குறைக்கக் கேட்பதற்கு உதவலாம், அதுவே குற்றத்தைத் துடைத்துவிடாது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே போலீஸ் வந்துவிடும் என்று பயப்படாதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட உங்களுக்கு வரவில்லை. உங்களிடம் ஏமாற்றும் நோக்கம் இருந்ததா என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். நான் கவலைப்படுவது இனி எழுதப்போகும் பக்கங்களைப் பற்றி. தப்பு என்று தெரியாமல் எழுதியதற்கும், தெரிந்து இப்படி ஒரு கடிதமும் எழுதிய பிறகு எழுதுவதற்கும் வித்தியாசம் உண்டு.

எப்படி நிறுத்துவது? சீட்டுப் போடும் இடத்திலிருந்து என்னை மாற்றுங்கள், சம்பளப் பட்டியலோ ஸ்டாக் கணக்கோ பார்க்கிறேன் என்று கேளுங்கள். மாற்றினால் நல்லது. மாற்றவில்லை என்றால் மெஷினில் காட்டும் எடையையே சீட்டில் எழுதுங்கள். ஒரே நாளில் உங்களை அங்கிருந்து எழுப்பிவிடுவார்கள், பரவாயில்லை. அல்லது சேர்த்து வைத்த விடுப்பை எடுத்துக்கொண்டு அந்த நாட்களில் ராஜினாமாவுக்குத் தயாராகுங்கள்.

8 சதவீதம் சின்ன விஷயமா?

இதை இரண்டு வரியில் கடந்து போக எனக்கு மனசு வரவில்லை. நாளைக்கு 9 டன் இலையில் 8 சதவீதம் என்றால் 720 கிலோ. ஒரு கிலோ தூளுக்கு நாலிலிருந்து நாலரை கிலோ பச்சை இலை போகும். ஆக, விவசாயிக்கு ஒரு பைசா கொடுக்காமல் தினமும் 160 கிலோவுக்குக் குறையாத தேயிலைத் தூள் அங்கே தயாராகிறது.

மழையில் நனைந்த இலைக்கு ஈரம் கழிப்பது நியாயம்தான். தண்ணீருக்கு யாரும் விலை கொடுக்க முடியாது. ஆனால் அதை இலையைப் பார்த்து, அன்றன்றைக்கு, விவசாயிக்குச் சொல்லிக் கழிக்க வேண்டும். வெயில் நாளிலும் அதே 8 என்றால் அதற்கு ஈரம் என்று பெயர் வைக்க முடியாது. எடையளவுச் சட்டம் விற்பவரை மட்டும்தான் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்குகிறவர் தான் பணம் கொடுக்கும் அளவுக்கு மேல் சரக்கை மோசடியாகப் பெறுவதும் குற்றம்.

இந்த ஏமாற்று இவ்வளவு நாள் ஓடுவதற்குக் காரணம் இலையின் குணம். பறித்த கொழுந்து காத்திருக்காது. சாக்கில் அமுக்கி வைத்தால் சில மணி நேரத்தில் உள்ளே சூடேறிச் சிவக்க ஆரம்பித்துவிடும். அந்தப் பாட்டி சீட்டு சரியில்லை என்று மூட்டையைத் திருப்பி எடுத்துப்போனால், சாயங்காலத்துக்குள் வேறு ஃபேக்டரியைத் தேட வேண்டும், வண்டி வாடகை கொடுக்க வேண்டும். அரை ஏக்கர்க்காரருக்கு இது முடிகிற காரியமா? உருளைக்கிழங்கோ கேரட்டோ என்றால் ஒரு நாள் வைத்துப் பார்க்கலாம், இதில் அந்த வழி இல்லை. குன்னூர் ஏல விலையை வைத்து ஒவ்வொரு மாதமும் தேயிலை வாரியம் பச்சை இலைக்குக் குறைந்தபட்ச சராசரி விலை அறிவிக்கிறது. 2003ஆம் ஆண்டு தேயிலைச் சந்தைக் கட்டுப்பாட்டு உத்தரவின் கீழ் வரும் ஏற்பாடு அது. அந்த விலைக்காக விவசாயிகள் எத்தனை ஆண்டுகளாகப் போராடுகிறார்கள் என்பது மலையில் இருக்கும் உங்களுக்குத் தெரியும். விலையில் கிடைக்கும் ஒரு ரூபாயை எடையில் எடுத்துக்கொண்டால் அந்தப் போராட்டத்துக்கு என்ன அர்த்தம்?

எல்லா ஃபேக்டரியிலும் இதுதான் என்கிறார் உங்கள் கணவர். அப்படி இல்லை. மெஷின் எடையை விவசாயி பக்கம் திருப்பி வைத்து, அச்சடித்த சீட்டு கொடுக்கும் இடங்கள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. நேர்மையாக நடத்தும் தனியார் முதலாளிகளையும் நான் அறிவேன். இப்படிப்பட்ட போட்டியால் நஷ்டப்படுகிறவர்கள் அவர்களும்தான்.

இரண்டு மாதம் பொறுக்கலாமா?

கிராஜுவிட்டிக்கு ஐந்தாண்டு என்பது சட்டத்தில் உள்ளதுதான். ஆனால் நாலாண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதை முழு ஆண்டாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் 1998லேயே சொல்லியிருக்கிறது. சம்பளத்தோடு கூடிய விடுமுறைகளும் கணக்கில் வரும். பத்து மாதம் முடிந்த உங்களுக்கு அந்த 240 இருக்கும். வருகைப் பதிவை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 16,500 முழுவதும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் என்றால், அதை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து ஐந்து ஆண்டுக்குக் கணக்கிட, ஏறக்குறைய 47,600 ரூபாய் வரும். முதலாளி இதை மறுத்துப் பார்ப்பார், தொழிலாளர் துறையில் மனுப் போட வேண்டி வரலாம். அதற்கும் மனசைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் அமைதியாக வேறு பிரிவில் உட்கார்ந்து ஓட்ட முடிந்தால் ஓட்டுங்கள், வழக்கே இல்லாமல் பணம் கைக்கு வரும். பொய் எடை எழுதிக்கொண்டே ஓட்ட வேண்டும் என்றால் வேண்டாம். இதற்கு நீதி நியாயம் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. நாளைக்கு அதிகாரிகள் சோதனைக்கு வந்தால், “நோட்டு எழுதியது இந்தப் பெண்தான், எனக்குத் தெரியாது” என்று முதலாளி சொல்வார். அப்படிச் சொல்லி உங்களை ஒழுக்கக்கேடு என்ற காரணத்தில் வேலைநீக்கம் செய்தால், கிராஜுவிட்டியையே பறிமுதல் செய்ய சட்டத்தில் இடம் உண்டு. அதற்குக் குற்றவியல் நீதிமன்றத் தண்டனை இருந்தாக வேண்டியதில்லை என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நீங்களாக ராஜினாமா செய்து வெளியே வந்தவர் என்றால் அந்த வழி அவருக்கு எளிதில் கிடைக்காது.

பி.எஃப். பணம் போய்விடும் என்ற பயமும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அது உங்கள் பணம். முதலாளியால் தொட முடியாது, அடுத்த வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு வரி என்னை உறுத்தியது: சம்பளத்தில் பிடிக்கிறார்கள், மெசேஜ் எதுவும் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றே உங்கள் பி.எஃப். கணக்குக்கான யூ.ஏ.என். எண்ணைப் போட்டு பாஸ்புக்கைப் பாருங்கள். பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருந்தால் அது நம்பிக்கை மோசடி, தனிக் குற்றம். சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள்.

அந்த செக்

தொகை எழுதாத செக் செல்லாது என்று வீட்டில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பலரும் இப்படி நம்பித்தான் கோர்ட்டுக்கு வந்து நிற்கிறார்கள். நீங்களாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்காக இருந்தாலும், கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் முதலில் அனுமானிக்கும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழும். வங்கியில் சொல்லி ஸ்டாப் பேமென்ட் போட்டுவிட்டால் தப்பித்துவிடலாம் என்பதும் சரியல்ல, அதற்கும் செக் திரும்பியதற்கான 138ஆம் பிரிவு வழக்கு வரலாம்.

ஆகவே ராஜினாமாவுக்கு முன்னால் இதைச் சரிசெய்யுங்கள். மீதி 36,000 ரூபாயை எப்படியாவது புரட்ட முடியுமா என்று பாருங்கள். மகளிர் குழுக் கடனோ நகைக் கடனோ, வட்டி போனாலும் போகட்டும். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி மூலம் அனுப்புங்கள். கூடவே ஒரு கடிதம்: இன்ன தேதியில் 60,000 வாங்கினேன், 24,000 சம்பளத்தில் பிடித்தீர்கள், மீதி 36,000 இன்று அனுப்பியிருக்கிறேன், பிணையாகக் கொடுத்த இன்ன எண்ணுள்ள செக்கைத் திருப்பித் தாருங்கள். முழுத்தொகை முடியாவிட்டால், மீதி எவ்வளவு என்பதையாவது எழுத்தில் பதிவுசெய்யுங்கள். இந்த ஒரு கடிதம் இருந்தால், நாளைக்கு செக்கில் மூன்று லட்சம் என்று அவர் எழுதினாலும் நீங்கள் எதிர்த்து நிற்கலாம். வக்கீல் நோட்டீஸ் வந்தால் மட்டும் பேசாமல் இருந்துவிடாதீர்கள், 15 நாளுக்குள் பதில் போயாக வேண்டும்.

நன்றி பற்றிக் கேட்டீர்களே, அதற்கும் இங்கேதான் பதில் சொல்ல வேண்டும். ஆபத்துக்கு உதவியவரை நினைப்பது நல்ல குணம். அவர் கொடுத்தது 60,000 ரூபாய், அதை நீங்கள் திருப்பிக் கொடுக்கிறீர்கள். வாழ்நாள் முழுக்க அவரை மரியாதையாக நினைக்கலாம், அவர் வீட்டில் நல்லது கெட்டது என்றால் முதல் ஆளாகப் போய் நிற்கலாம். அந்தப் பாட்டியின் நாலு கிலோ இலையை எடுத்து அவருக்கு நன்றி செலுத்த உங்களுக்கு உரிமை இல்லை. தவிர, பெற்ற மகளைப் போல உங்களை நினைத்திருந்தால் அந்தப் படிவத்தை உங்கள் முன்னால் நீட்டியிருப்பாரா?

புகார் கொடுத்தால் சட்டம் காப்பாற்றுமா?

முழுதாகக் காப்பாற்றாது. ஊழலை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று 2014இல் வந்தது. அது அரசு ஊழியர்கள், அரசு அலுவலகங்கள் பற்றிய புகார்களுக்கானது, அதுவே இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. தனியார் ஃபேக்டரியில் வேலை செய்துகொண்டே புகார் கொடுப்பவருக்குத் தனியாகக் கவசம் எதுவும் கிடையாது. இதை மறைத்து உங்களை உசுப்பிவிட எனக்கு விருப்பமில்லை.

நோட்டைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போகும் யோசனையைக் கைவிடுங்கள். ஃபேக்டரி நோட்டு ஃபேக்டரியின் சொத்து, எடுத்து வந்தால் உங்கள் மேல் திருட்டுப் புகார் வரும். பக்கங்களைப் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும் கூடாது. உங்களிடம் நியாயமாக வந்து சேர்ந்தவற்றைப் பத்திரப்படுத்துங்கள். முதலாளியோ சூப்பர்வைசரோ உங்கள் போனுக்கு அனுப்பிய “இன்னைக்கும் 8 போடு” போன்ற மெசேஜ், குரல்பதிவு எதையும் அழிக்காதீர்கள், அந்தப் போனையும் மாற்றாதீர்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்கும்போது அதற்கென்று ஒரு சான்றிதழ் தர வேண்டும், மூலக் கருவி கையில் இருப்பது அப்போது உதவும். வீட்டில் ஒரு டைரி போடுங்கள். எந்தத் தேதி, யார் என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்கு லாரி வந்தது என்று அன்றன்றைக்கே எழுதினால் போதும்.

இரண்டு புகார்களையும் பிரித்துப் பாருங்கள். எடை விஷயம் முதலில் விவசாயிகளுடையது. பத்துப் பேர் சேர்ந்து வீட்டில் நிறுத்த எடையையும் ஃபேக்டரி சீட்டையும் ஒரு வாரம் குறித்து வைத்தால், உங்கள் நோட்டு இல்லாமலேயே விஷயம் தெரிந்துவிடும். எடையளவைப் பார்க்கும் தொழிலாளர் துறை அதிகாரியிடமோ, குன்னூரில் உள்ள தேயிலை வாரிய அலுவலகத்திலோ, விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலோ அவர்களே கொடுக்கலாம்.

கழிவு கலப்பதை அப்படி விட முடியாது, அந்தத் தூள் யார் யார் வீட்டு டம்ளருக்குப் போகும் என்று தெரியாது. தேயிலைக் கழிவை விற்கவும் வாங்கவும் உரிமம் வேண்டும், மறுபடி குடிக்கும் தூளில் சேராதபடி அதைக் கெடுத்த பிறகே வெளியே அனுப்ப வேண்டும். 1959இலிருந்தே இதற்குக் கட்டுப்பாட்டு உத்தரவு இருக்கிறது. பில் இல்லாமல் ராத்திரியில் வரும் மூட்டை எந்த விதத்திலும் சட்டத்துக்குள் வராது. இதைப் பற்றி உணவுப் பாதுகாப்புத் துறைக்கோ தேயிலை வாரியத்துக்கோ தகவல் போக வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஃபேக்டரியை மூடிவிட்டால் உடன் வேலை செய்பவர்கள் கதி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலை. ஆனால் மாதிரி எடுப்பது, நோட்டீஸ், உரிமம் நிறுத்திவைப்பது என்று நடவடிக்கை படிப்படியாகத்தான் போகும். பெரிய அசம்பாவிதம் நடந்து ஒரே நாளில் சீல் வைக்கப்படும் நிலை வந்தால், அவர்களுக்கு இதைவிட மோசம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. வக்கீலைப் பார்க்காமல் எந்தப் புகாரும் எழுதாதீர்கள். “நான்தான் இரண்டு நோட்டு எழுதினேன்” என்று நீங்கள் போடும் ஒரு வரி, புகாராக இருக்கும் அதே நேரத்தில் உங்களுக்கு எதிரான சான்றாகவும் ஆகிவிடும். எதை, எப்படி, எந்தத் தகுதியில் சொல்வது என்பதைக் கூட ஒருவர் இருந்து பார்க்க வேண்டும். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. ஊட்டியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். கோத்தகிரியில் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக இருப்பார்கள் என்று தயங்கினால் ஊட்டிக்கே போய்விடுங்கள்.

வெளியே வரும்போது

ராஜினாமாக் கடிதத்தில் முதலாளியைக் குற்றம் சாட்ட வேண்டாம். வழக்கமாக எல்லோரும் எழுதும் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்பதையும் எழுதாதீர்கள், பின்னால் அது உங்கள் வாயை அடைத்துவிடும். “எனக்கு ஒப்படைக்கப்பட்டுள்ள பதிவுப் பணியை இப்போதைய முறையில் தொடர இயலாததால்” என்று ஒரு வரி போதும். நியமன உத்தரவில் சொன்ன நோட்டீஸ் காலத்தைக் கொடுங்கள்.

நோட்டுகளை ஒப்படைக்கும்போது, எந்த நோட்டு, எத்தனையாம் பக்கத்திலிருந்து எத்தனை வரை உங்கள் கையெழுத்து என்று ஒரு தாள் எழுதி, வாங்குகிறவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் போன பிறகு யாராவது உங்கள் பெயரில் எழுதிச் சேர்த்தால் அதுதான் உங்களைக் காப்பாற்றும். “எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன்” என்ற தாளில், பணம் வங்கியில் ஏறாமல் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பள பாக்கி தர வேண்டும், கிராஜுவிட்டிக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி 30 நாள். கல்விச் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு மிரட்டினால் அதற்கும் உரிமை கிடையாது.

அடுத்த வேலை சுலபமாகக் கிடைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். மலையில் ஃபேக்டரி முதலாளிகள் ஒருவரை ஒருவர் அறிவார்கள், ஒரு போன் போனால் கதவு சாத்தப்படலாம். அதனால் தேயிலைக்கு வெளியே தேடுங்கள். கணக்குத் தெரிந்தவருக்குப் பள்ளி அலுவலகம், ஆஸ்பத்திரி, விடுதி, ஆடிட்டர் அலுவலகம், கூட்டுறவுச் சங்கம் என்று இடங்கள் உண்டு. ஜி.எஸ்.டி. கணக்குப் போடத் தெரிந்தால் கோவை, மேட்டுப்பாளையத்தில் உள்ள கடைகளுக்கு வீட்டிலிருந்தே செய்யலாம். ராஜினாமா கொடுக்கும் முன்னரே தேட ஆரம்பித்துவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் கணவர் வருமானத்தில் மட்டும் வீடு ஓடுமா என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். இந்தக் கடிதத்தையும் அவருக்குக் காட்டுங்கள், அந்தப் படிவம் என்ன என்று தெரிந்தால் அவரே வேண்டாம் என்பார்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது நியமன உத்தரவு, கடைசி ஓராண்டுச் சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக், செக் எண் தெரியும் அடிக்கட்டை, அந்தப் படிவத்தின் நகலோ படமோ கையில் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். செக் பற்றிய கடிதத்தை மட்டும் அதுவரை தள்ளிப் போடாதீர்கள். பதிவுத் தபாலை இப்போது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், ஒப்புகை வசதி அதிலேயே இருக்கிறது. கவுண்டரில் கேட்டு அதோடு அனுப்பிவிட்டு, ரசீதையும் திரும்பி வரும் ஒப்புகையையும் கடித நகலோடு குத்தி வையுங்கள்.